கூரைச் சூடு, குலைக் குறைவு, மழைக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்கு அறிவியல் பதில்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்கள், தாமான்களிலிருந்தும் (வீடமைப்புக் குடியிருப்புகளிலிருந்தும்) வந்த கடிதங்கள் இந்த முறை பெரும்பாலும் வெயிலைச் சுற்றியே இருக்கின்றன. பல கடிதங்கள் “இதுவும் பருவநிலை மாற்றம்தானே?” என்று முடிகின்றன. சிலவற்றுக்கு ஆமாம். சிலவற்றுக்குக் காரணம் வீட்டுக் கூரையிலோ கால்வாயிலோ இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் எதை நாமே சரி செய்யலாம் என்று தெரியும்.

“தாத்தா காலத்தில் இவ்வளவு சூடு இல்லை” என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா, பழைய ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சா? எல் நினோ என்றும் செய்தியில் வருகிறதே. எது காரணம்?
— மளிகைக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

தாத்தா சொல்வது சரிதான். ஆனால் ஒன்றல்ல, மூன்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

அடியில் இருப்பது கரியமிலவாயு. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 290 பங்கு கரியமிலவாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. இன்று 420க்கு மேல். நிலம் வெளியே விடும் வெப்பத்தின் ஒரு பகுதியை இந்த வாயு பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அந்த வேலை இரவிலும் நடக்கிறது. அதனால் பகல் உச்சத்தை மட்டும் பார்க்காமல், விடியற்காலைக் குளிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பாருங்கள். 1850–1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால், 2024இல் உலக வெப்பநிலை 1.5 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே இருந்தது.

அதற்கு மேல் எல் நினோ. பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது, நம் பக்கம் மழை குறையும், மேகம் குறையும், வெயில் நேராக இறங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போகிற விஷயம் இது. மலேசியாவில் பதிவான அதிகபட்ச வெப்பநிலை, பெர்லிஸ் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று பதிவான 40.1 டிகிரி. அது 1997–98 எல் நினோவின் கடைசிக் கட்டம். “அந்தச் சாதனையை இன்னும் எதுவும் முறியடிக்கவில்லையே, அப்புறம் என்ன சூடு கூடுகிறது?” என்று சிலர் மடக்குவார்கள். ஓர் ஊரின் ஒரு நாள் உச்சம் வேறு, ஆண்டு முழுவதற்குமான சராசரி வேறு. உயர்ந்துகொண்டிருப்பது சராசரி.

மூன்றாவது நம் ஊர்க்காரணம். வாசலில் நின்ற மரத்தை வெட்டி சிமெண்டு போட்டிருப்பீர்கள். அத்தாப்பு ஓலைக்கூரை போய்த் தகரம் வந்திருக்கும். இவை உலகச் சராசரியை அசைக்காது. உங்கள் வீட்டு முன்கூடத்தை நன்றாகவே அசைக்கும்.

வீட்டில் அளந்து பார்க்க விரும்பினால் வெப்பமானியைச் சுவரில் ஆணியடித்து மாட்டாதீர்கள். அது சுவர்ச் சூட்டைத்தான் காட்டும். வெயில் படாத, காற்று ஓடுகிற இடத்தில், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர் உயரத்தில், கீழே புல் இருக்கும்படி தொங்கவிடுங்கள். வானிலைத் துறை சொல்லும் எண்ணோடு அப்போதுதான் ஒப்பிட முடியும். தொடர்ந்து மூன்று நாள் உச்சம் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை. 37க்கு மேல் போனால் வெப்ப அலை. 40ஐத் தாண்டினால் தீவிர வெப்ப அலை.

எங்களுடையது பழைய தகரக் கூரை வீடு. மதியம் இரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடியவில்லை. காற்றாடி போட்டால் அனல்தான் வீசுகிறது. ஏர்கோன் வாங்க வசதியில்லை. என்ன செய்யலாம்?
— இல்லத்தரசி, தோட்டக் குடியிருப்பு

நம் நாட்டில் உச்சிவெயில் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. மேகமில்லாத நேரத்தில் ஒரு சதுர மீட்டர் கூரைக்குச் சுமார் 1000 வாட் வரும். துருவேறிக் கறுத்த தகரம் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி 60 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தத் தகரம் காற்றைச் சூடாக்குவதோடு நிற்காமல், வெப்பக் கதிர்களாகக் கீழே நேரடியாக உங்கள் மேல் வீசுகிறது. கூரைக்கடியில் நிற்கும்போது கால் பக்கத்தைவிடத் தலை உச்சி காந்தினால் அது கதிர்வீச்சு. கதிரைக் காற்றாடியால் தடுக்க முடியாது. தடுக்க வேண்டிய இடம் கூரையே.

முதலில் கூரை என்ன பொருள் என்று பாருங்கள். சாம்பல் நிறத்தில், தடித்து, அலையலையாக, தட்டினால் தகரச் சத்தம் வராத சிமெண்டு அட்டையாக இருந்தால் அது கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) கலந்ததாக இருக்கக்கூடும். பழைய தோட்ட வீடுகளில் இவை உண்டு. அதைத் தேய்க்கவோ துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலைப் பிடித்தால் போகாது. அத்தகைய வீட்டில் கூரையைத் தொடாமல், உட்கூரையின் மேல் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள்.

தகரம்தான் என்றால் மலிவானதும் பலன் அதிகமானதும் வெள்ளைச் சாயம். கூரைக்கென்று விற்கும் வெப்பம் திருப்பும் வெள்ளைச் சாயம் புதிதாக இருக்கும்போது வெயிலில் எண்பது விழுக்காடு அளவுக்குத் திருப்பி அனுப்பும். அழுக்கு ஏற ஏற அது குறையும். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் சாயத்தால் அல்ல, தயாரிப்பால். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் கழுவி, நன்றாக அலசி, முழுதாகக் காயவிடுங்கள். துத்தநாகம் பூசிய தகரத்துக்கென்று உள்ள அடிச்சாயத்தை ஒரு பூச்சுப் பூசி, அது காய்ந்த பிறகு வெள்ளையை இரண்டு பூச்சுப் பூசுங்கள். புதுத் தகரத்தில் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைக் கழுவாமல் நேரடியாகப் பூசினால் ஆறு மாதத்தில் சாயம் தோல் தோலாக உரியும். மழை இல்லாத நாளாகப் பார்த்து, பனி உலர்ந்ததும் காலையிலேயே ஆரம்பியுங்கள். கொதிக்கும் தகரத்தில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே குமிழ் விடும். மதிய மழைக்கு முன் நிறுத்திவிடுங்கள். ஏறுகிறவர் சட்டத்தின் மேல், அதாவது ஆணி வரிசை தெரியும் இடத்தில், பலகை போட்டுத்தான் கால் வைக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே துருப்பிடித்த தகரம் ஆள் எடையைத் தாங்காது. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை பாசியைக் கழுவுங்கள். கறுத்த வெள்ளைச் சாயம் பழைய தகரம் மாதிரியேதான் வேலை செய்யும்.

அடுத்தது தகரத்துக்குக் கீழே அலுமினியத் தாள். ஹார்ட்வேர் கடையில் சுருளாகக் கிடைக்கும். இதில் ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது: தாளைத் தகரத்தோடு ஒட்ட வைத்துவிடுகிறார்கள். அலுமினியம் உலோகம். சூடான தகரத்தைத் தொட்டால் அந்தச் சூட்டை அப்படியே வாங்கிக்கொள்ளும். பளபளப்பு வேலை செய்ய முன்னால் காற்றிடைவெளி வேண்டும், குறைந்தது 25 மில்லிமீட்டர். பளபளப்பான பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சீக்கிரம் பலன் போய்விடும். ஒரு பட்டைக்கு அடுத்த பட்டை ஒரு சாண் அளவுக்கு மேலேறி இருக்கட்டும். உச்சிப் பக்கத்துப் பட்டை இறவாரப் பக்கத்துப் பட்டையின் மேல் வர வேண்டும். இரவில் தகரத்தின் அடியில் நீர் கோத்துச் சொட்டும், அது வெளியே ஓட இதுதான் வழி. கூரைக்கடியில் பழைய மின்கம்பிகள் ஓடினால், உரிமம் பெற்ற மின் பணியாளர் பார்த்த பிறகே தாளைத் தொடுங்கள். தோல் உரிந்த கம்பியும் உலோகத் தாளும் சேர்ந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயலாம்.

இத்தோடு சூடான காற்று வெளியேற உச்சியில் ஒரு வழியும், புதுக்காற்று நுழைய இறவாரத்தில் ஒரு வழியும் வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் ஓட்டமே இருக்காது. இரண்டுக்கும் வலை போடுங்கள், இல்லாவிட்டால் வௌவால் குடிவரும். மெல்லிய தகரம் வெயில் போனதும் சீக்கிரம் ஆறிவிடும். ஆகவே மதியம் வெயில் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இரவு எட்டு மணிக்குப் பிறகு எல்லாவற்றையும் திறப்பதுதான் தகர வீட்டுக்குப் பொருத்தம்.

பணம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறதென்றால் வெள்ளைச் சாயத்துக்குச் செலவிடுங்கள்.

ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்தால் சமையலறை குளிருமா?
— வாசகர், லிந்தாங்

குளிராது, சூடாகும். உள்ளே எடுக்கும் வெப்பத்தைப் பின்பக்கச் சுருளில் வெளியே விடுகிறது. அதை எடுக்கச் செலவழித்த மின்சாரமும் அதே அறையில்தான் வெப்பமாகிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் விளிம்பு போய்விட்டது என்று அர்த்தம்.

ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருக்கிறேன். சில மாதங்களாக நல்ல மழை, உரமும் போட்டாயிற்று. ஆனால் குலை குறைந்துகொண்டே வருகிறது. மழை பெய்தும் ஏன் இப்படி? பருவநிலை மாற்றம் என்கிறார்கள்.
— சிறுதோட்டக்காரர், சுங்கை சிப்புட்

நீங்கள் பார்க்கும் மழை இப்போதைய மழை. நீங்கள் அறுக்கும் குலையோ ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முந்தைய மழையின் கதை. செம்பனையைப் புரிந்துகொள்ள இந்தக் காலக்கணக்குதான் சாவி.

வளர்ந்த செம்பனை மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு மட்டை விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை உண்டு. அது ஆண்பாளையா பெண்பாளையா என்பது அறுவடைக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே, பாளை கண்ணுக்குத் தெரியாத நிலையில் முடிவாகிறது. அந்த நேரத்தில் மரம் தண்ணீருக்குத் தவித்தால் ஆண்பாளை அதிகமாகும். ஆண்பாளை குலை தராது. தப்பித்த பெண்பாளைக்கும் இன்னொரு கண்டம் இருக்கிறது: அறுவடைக்குச் சுமார் பத்து மாதம் முன்பு வறட்சி வந்தால் இளம்பாளை உள்ளேயே கருகிவிடும். இதையும் தாண்டிப் பூத்துவிட்டால், பூத்ததிலிருந்து ஐந்தரை மாதம் அளவில் குலை பழுக்கும்.

ஆகவே பழைய நாட்காட்டியை எடுத்து, குறைவு தொடங்கிய மாதத்திலிருந்து பத்து மாதமும் இருபத்து நான்கு மாதமும் பின்னால் எண்ணிப் பாருங்கள். அங்கே வறண்ட மாதங்கள் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. செம்பனைக்கு ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் மழை வேண்டும். அது மொத்தமாகக் கொட்டிப் பயனில்லை, எந்த மாதமும் 100க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். எல் நினோ வந்துபோன பிறகு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் விளைச்சல் குறைவது இதனால்தான். ‘எல் நினோ முடிந்துவிட்டது’ என்ற செய்தி செம்பனைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

அந்த மாதங்களில் மழை நன்றாகவே இருந்திருந்தால், வறட்சியை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போங்கள். மட்டைகளை எண்ணுங்கள். வளர்ந்த மரத்தில் 32 முதல் 40 பச்சை மட்டை இருக்க வேண்டும். குலை அறுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று கீழ்மட்டைகளை மொட்டையடித்த தோட்டத்தில் விளைச்சல் குறையும், வறட்சி வந்ததைப் போலவே. அது வானத்தின் குற்றமில்லை. அடுத்து, குலையில் விதையில்லாத சின்னச் சின்ன வெள்ளைக் காய்கள் நிறைய இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மகரந்தம் சேரவில்லை. நம் நாட்டில் இந்த வேலையைச் செய்வது 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு சின்னக் கூன்வண்டு. அதற்கு முன் ஆட்கள்தான் கையால் மகரந்தம் தூவிக்கொண்டிருந்தார்கள். விடாத மழையில் வண்டு பறப்பது குறையும், ஆண்பாளையின் தூளும் நனைந்து வீணாகும். நீங்கள் சொல்லும் நல்ல மழையே இன்னும் ஆறு மாதம் கழித்து உங்களைக் கடிக்கலாம்.

போட்ட உரம் இப்போதைய குலைக்கு உதவாது. அது அடுத்த ஆண்டுக்கு மேல் தெரியும். கனமழைக்கு முன்தினம் போட்டிருந்தால் பாதி ஓடையில் போயிருக்கும்.

வரும் நாலு மாதத்தை முன்கூட்டியே அறிய எளிய வழி, கருங்குலை எண்ணுவது. ஒவ்வொரு பத்தாவது மரத்திலும் கைமுட்டி அளவுக்கு மேல் பெருத்த பழுக்காத குலைகளை எண்ணி, மொத்தத்தைப் பத்தால் பெருக்குங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதே மரங்களிலேயே எண்ணுங்கள். வறட்சிக்கு முன்னேற்பாடாக, அறுத்த மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்காக அடுக்குங்கள். ஆலையிலிருந்து வெறுங்குலை கிடைத்தால் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

விடியற்காலை மழை பெய்தால் அன்றைக்கு மரம் வெட்ட முடிவதில்லை, சம்பளமும் போகிறது. மழை விட்டபின் பத்து மணிக்கு வெட்டினால் என்ன?
— ரப்பர் தோட்டத் தொழிலாளி

வெட்டலாம், ஆனால் பால் குறையும். பால்குழாய்களில் பால் அழுத்தத்தோடு நிற்பது இரவில், இலைகள் நீரை வெளிவிடாத நேரத்தில். வெயில் ஏறி இலைகள் நீரை இழுக்கத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கிவிடும். இருட்டோடு விளக்கைக் கட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் இதுவே.

மழை முடிந்ததும் வானம் மேகமூட்டமாகவே இருந்தால் இழப்பு கொஞ்சம்தான். அப்போது பிரச்சினை பட்டையின் ஈரம். நனைந்த பட்டையில் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரமெல்லாம் பரவும், மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) நீர் கலந்து கெடும். ஈரத்தில் தொடர்ந்து வெட்டினால் வெட்டுப்பட்டையில் கருங்கோட்டு நோய் வரும். அது இன்றைய சம்பளத்தோடு போகாது, புதுப்பட்டையையே கெடுக்கும்.

மழைக்காப்புப் பாவாடை கட்டிய மரங்களில் இந்த இழப்பு குறைகிறது. அதில் தவறு நடக்கும் இடம் ஒட்டு. பட்டையின் செதில்களைச் சுரண்டி வழவழப்பாக்காமல் தார்ப்பசை பூசினால், நீர் செதிலுக்கு அடியிலேயே வழி கண்டுபிடிக்கும். கட்டியதும் மேலே ஒரு மங்கு நீரை ஊற்றிப் பாருங்கள். வெட்டுக்கோடு உலர்ந்திருந்தால் சரி. மரம் பருக்கப் பருக்க ஒட்டு விடும், இடையிடையே சோதிக்க வேண்டும்.

ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் பூமி சூடாகிறதா?
— இடைநிலைப்பள்ளி மாணவர், சுங்கை சிப்புட்

இல்லை. ஓசோன் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. அதைக் கெடுத்தவை குளிர்சாதன வாயுக்கள். 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அவை குறைக்கப்பட்டு, ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. சூட்டுக்கு முதல் காரணம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிப்பதால் வரும் கரியமிலவாயு. இரண்டையும் சேர்த்துவைக்கும் முக்கியக் கண்ணி, பழைய குளிர்சாதன வாயுக்கள் வெப்பத்தையும் பிடிக்கும் என்பது. ஏர்கோன் பழுது பார்க்கும்போது வாயுவை வெளியே திறந்துவிடக் கூடாது என்று சொல்வது அதனால்.

என் கணவர் குலை அறுக்கும் வேலை செய்கிறார். மதியம் வீட்டுக்கு வரும்போது தலைசுற்றல், தசைப்பிடிப்பு. எவ்வளவு சூடு வந்தால் வேலையை நிறுத்த வேண்டும்?
— வாசகி, தோட்டக் குடியிருப்பு

வெப்பமானியின் எண் மட்டும் இதற்குப் போதாது. உடம்பு ஆறுவது வியர்வை உலர்வதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், உலராது. எனவே ஈரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். வீட்டிலேயே செய்யலாம்.

ஒரே மாதிரி இரண்டு வெப்பமானி வாங்குங்கள். இரண்டையும் ஒரே குவளை நீரில் பத்து நிமிடம் வைத்து, வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றிக் கொதித்தாறிய நீரில் நனையுங்கள். சவர்க்காரம் ஒட்டியிருந்தால் அளவு தவறும். நிழலில் இரண்டையும் தொங்கவிட்டு மூன்று நிமிடம் விசிறிவிட்டுப் படியுங்கள். உலர்ந்தது 33, நனைந்தது 28 என்றால் காற்றின் ஈரப்பதம் 68 விழுக்காடு. நனைந்தது 26 என்றால் 57 விழுக்காடு.

நனைந்த வெப்பமானி 35 காட்டினால், சும்மா நிழலில் உட்கார்ந்திருக்கும் மனிதனாலும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்க முடியாது என்பது கணக்கு. ஆரோக்கியமான இளைஞர்களைச் சோதித்ததில், ஈரமான காற்றில் 31 அளவிலேயே உடல்சூடு கட்டுப்பாட்டை இழந்து ஏறத் தொடங்கியது. அவர்கள் செய்தது லேசான வேலை. நீளக் கழியைத் தூக்கிக் குலை அறுப்பது அப்படியல்ல. எங்கள் யோசனை: 26ஐத் தொட்டால் அரை மணிக்கு ஒருமுறை நிழலில் ஓய்வு, 28 ஆனால் அறுப்பை நிறுத்தி மறுநாள் காலைக்குத் தள்ளுவது. பருவநிலை மாற்றம் இந்த எண்ணைத்தான் மெல்ல மேலே தள்ளுகிறது. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே ஏறுகின்றன.

குடிநீர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது கால் லிட்டர் அளவில். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் வேண்டாம், வெறும் நீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தசைப்பிடிப்பு இருப்பதால் உப்பும் தேவை: ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும். புதிதாக வேலையில் சேர்ந்தவரோ நீண்ட விடுப்புக்குப் பின் வந்தவரோ முதல் நாளே முழு வேலை செய்யக் கூடாது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாளுக்கு அதே அளவு கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பேச்சு குழறினாலோ, ஆள் குழம்பினாலோ, விழுந்தாலோ அது வெப்பத்தாக்கு. உடனே 999க்கு அழையுங்கள். காத்திருக்கும் நேரத்தில் நிழலில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்க நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். உங்கள் கணவருக்கு இப்போது வரும் தலைசுற்றல் அதற்கு முந்தைய படி, அதனால் இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள்.

புகைமூட்டம் வரும்போது ஈரத்துணியால் மூக்கைக் கட்டினால் போதுமா?
— வாசகர், தாமான் குடியிருப்பு

போதாது. தீங்கு செய்வது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான தூசி. தலைமுடியின் தடிமன் அதைப்போல் இருபது மடங்குக்கு மேல். துணி அதைத் தடுக்காது. என்-95 வகை முகக்கவசம் தடுக்கும், ஆனால் விளிம்பு முகத்தோடு ஒட்ட வேண்டும். போட்டுக்கொண்டு பலமாக ஊதுங்கள், கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குப் பக்கம் ஒழுகுகிறது. தாடி வைத்தவருக்குச் சரியாகப் பொருந்தாது.

ஐபியு என்று செய்தியில் சொல்லும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஆரோக்கியக் கேடு, 200க்கு மேல் மிகக் கேடு, 300க்கு மேல் அபாயம். தூசிக்கான அந்த எண் 24 மணி நேரச் சராசரி. புகை இப்போது வந்தால் எண் மெதுவாகத்தான் ஏறும். எதிர்வீடு மங்கலாகத் தெரிந்து மூக்கில் புகை ஏறினால் எண்ணுக்காகக் காத்திருக்காதீர்கள். ஜன்னலைச் சாத்திய பிறகு உள்ளே கொசுவர்த்தியும் சாம்பிராணியும் ஏற்றுவது அதே தூசியை வீட்டுக்குள்ளேயே தயாரிப்பதுதான். சாமி கும்பிட அன்றைக்கு விளக்கு மட்டும் போதும்.

பெரும் புகை வருவது இந்தோனேசியாவின் சுமத்ரா, கலிமந்தான் பகுதிகளில், மட்காத தாவரக் கழிவு சேர்ந்த கரிச்சதுப்பு நிலத் தீயிலிருந்து, தென்மேற்குப் பருவக்காற்றோடு. 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்குப் பின்னால் சருகு எரிப்பதும் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இன்படி குற்றம்தான். வறட்சியில் அதையும் சேர்த்துத்தான் மூச்சிழுக்கிறோம்.

செம்பனையும் மரம்தானே? காட்டை அழித்து அதை நட்டாலும் கரியமிலவாயுக் கணக்கு சரியாகிவிடாதா?
— ஆறாம் ஆண்டு மாணவி, தமிழ்ப்பள்ளி

நல்ல கேள்வி, பெரியவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். செம்பனை வேகமாகக் கரியை (கார்பனை) இழுக்கும், உண்மை. ஆனால் 25 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்கிறோம், இழுத்தது மட்கித் திரும்பிவிடுகிறது. நன்கு வளர்ந்த மழைக்காட்டில் ஒரு ஹெக்டருக்கு 150 டன்னுக்கும் மேல் கரி நிற்கும். செம்பனையில் ஆண்டுகளைச் சராசரி பார்த்தால் சுமார் 40 டன். ஏற்கெனவே ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நட்டால் இந்த இழப்பு பெரிதில்லை. காட்டை அழித்து நட்டால் பெரிது. கரிச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து நட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிது, ஏனென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டாக நீருக்கடியில் சேர்ந்த கரி காற்றுப்பட்டு ஆண்டுதோறும் கரைந்துகொண்டே இருக்கும்.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் கறுப்புக் குளத்தையும் பார். அதில் குமிழ் விடுவது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நம் நாட்டில் உண்டு. மூடாத குளங்களும் உண்டு.

எங்கள் பகுதியில் ஒரு மணி நேர மழைக்கே கால்வாய் பொங்குகிறது. மழை கூடிவிட்டதா, கால்வாய் சின்னதா? எப்படிக் கண்டுபிடிப்பது?
— குடியிருப்பாளர் சங்கச் செயலாளர், சுங்கை சிப்புட்

அளந்தால் கண்டுபிடிக்கலாம். கழுத்தில்லாத, பக்கங்கள் நேரான ஒரு கண்ணாடிக் குவளை போதும். அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் படித்தால் அதுவே மழை அளவு. குவளையின் வாய் சிறிதா பெரிதா என்பது கணக்கில் வராது. அடிப்பக்கம் குறுகிய பிளாஸ்டிக் குவளை பொய் சொல்லும். தரைத் தெறிப்பு விழாதபடி முழங்கால் உயரத்தில், பக்கத்து மரம் அல்லது வீட்டின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.

மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 60ஐத் தாண்டினால் மிகக் கனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர்க் கூரையில் 60 மில்லிமீட்டர் பெய்தால் ஒரு வீட்டிலிருந்து மட்டும் 3600 லிட்டர் கால்வாய்க்கு ஓடுகிறது. முன்பு மண் வாசல் ஒரு பகுதியைக் குடித்தது. சிமெண்டு வாசல் எதையும் குடிக்காது.

20 மில்லிமீட்டருக்கே பொங்கினால் மழைமேல் பழி போடாதீர்கள். கால்வாயில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கும், அல்லது பாலத்தடிக் குழாய் சிறிதாக இருக்கும். 60க்கு மேல் பெய்யும்போது மட்டும் பொங்கினால், கால்வாயின் அளவு பழைய மழைக்குப் போட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் ஏழு விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். மதியம் தித்திவங்சா மலைப்பக்கம் மேகம் கட்டி மாலையில் இறங்கும் நம் இடிமழை, அந்தக் கூடுதல் நீரையும் ஒரே மூச்சில் கொட்டும். ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் இதை நன்றாகப் பார்க்கலாம்.

தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், மில்லிமீட்டர், கால்வாய் பொங்கியதா, எந்த வீட்டு எதிரில் என்று ஒரு நோட்டில் எழுதி, அளவுகோல் தெரியும்படி படமும் எடுத்து வையுங்கள். நகராண்மைக் கழகத்துக்கோ நீர்ப்பாசன வடிகால் துறைக்கோ போகும்போது, “அடிக்கடி வெள்ளம்” என்று எழுதிய மனுவைவிட “இந்தத் தேதியில் 40 நிமிடத்தில் 25 மில்லிமீட்டர், மூன்றாவது பாலத்தடியில் பொங்கியது” என்ற பத்து வரி அதிக வேலை செய்யும். நாள் கணக்கு எடுப்பதாக இருந்தால் தினமும் காலை எட்டு மணிக்குப் படித்துவிட்டுக் குவளையைக் கவிழ்த்து நீரைக் கொட்டுங்கள். வானிலைத் துறையின் மழைநாள் அப்போதுதான் தொடங்குகிறது, ஒப்பிடச் சுலபம். மறுபடி நிமிர்த்தி வைக்க மறக்காதீர்கள். மழை இல்லாத வாரத்திலும் நீரை விட்டுவைக்க வேண்டாம், ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் குவளையே போதும்.